முன்சக்கரத்துக்கு இருபது டிகிரி

கோமு, டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடு. தமிழில் எழுதியிருக்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. "இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்புங்க, அவ ஒரே மூச்சுல படிச்சிருவா" என்றுதான் உன் அம்மா சொன்னாள். எனக்கு நீ ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். எழுத்துக்கூட்டி, வரிக்கு வரி நின்று மெதுவாகவே வா. சொல்ல வேண்டிய இடத்துக்கு நானே மெதுவாகத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. போனில் மூன்று தடவை முயற்சி செய்தேன். மூன்று தடவையும் அங்கே குளிர் எப்படி, சாப்பிட்டாயா, அந்த ஊர் அரிசி குழைகிறதா என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் சாகண் ஆலையில் வண்டிச் சக்கரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதியவன், பெற்ற மகளிடம் நாலு வார்த்தை பேச முடியாமல் திணறுகிறேன். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை அப்படியே திரும்ப எழுதுகிறேன், நான் சரியாகத்தான் கேட்டேனா என்று பார். கனடாவில் அந்த ஏரிக்கரை விமானப் பள்ளிக்கு நீ போய் ஆறு வாரம் ஆகிறது. தண்ணீரிலும் இறங்கி, மிதவைகளுக்குள்ளிருந்து சக்கரத்தை நீட்டித் தரையிலும் இறங்குகிற விமானம். தண்ணீரில் உன் மேல் ஒரு குறையும் இல்லை. தரையில் சக்கரத்தில் உருளும்போதுதான் மூக்கு ஒரு பக்கமாக ஓடுகிறது, உன்னால் பிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை பாதையை விட்டு இறங்கி, ஒரு விளக்கைச் சாய்த்து, புல்லில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. இன்னும் பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் ஒரு சோதனை, அதிலும் தவறினால் அவ்வளவுதான். அந்தச் சோதனைக்கு நிற்கவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாய். "அப்பா, என் கால் சரியில்ல. இதுக்கு நான் லாயக்கில்ல. போதும், நான் வந்துடறேன்." அதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாய். உன் பயிற்சியாளர், அந்த அம்மா, விமானத்தை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் உன்னைப் பார்த்து, "உன் கால் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டாராம். பெடலை மிதிக்கிறாய், மிதித்துவிட்டு மூக்கு திரும்பும் என்று காத்திருக்கிறாய், அது திரும்பாதபோது பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறாய் என்றாராம். "தெரியல மேடம்னு சொல்லிட்டேன்" என்றாய். எனக்குத் தெரியும், கோமு. உன் கால் எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நான் ரிட்டயர் ஆகி நாலு மாதம் ஆகியிருந்தது. உனக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். அப்போதெல்லாம் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சாங்வியில் நம் வீட்டு பால்கனியில் போய் நிற்பேன். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் முனையில் திரும்பும். அது போன பிறகுதான் உள்ளே வருவேன். வந்து அம்மாவிடம் ஏதாவது ஒன்றுக்கு எரிந்து விழுவேன். ஒருநாள் நீ உன் அறையிலிருந்து கத்தினாய்: "அப்பா, ஒரு ஹெல்ப். இந்த பிளேன் தரையில நிக்கவே மாட்டேங்குது. வந்து பகா நா, பாருங்களேன்!" வந்து பார்த்தேன். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகச் செய்து போட்டிருந்த மிதவை விமானம். வானத்தில் அழகாகத்தான் பறந்தது. தரையில் நிறுத்தினால் உலைமூடி மாதிரி தடதடவென்று ஆடியது. உருட்டினால் எண்ணெய் கொட்டிய தரையில் போவது போல வழுக்கியது. "நீங்க இதைத்தானே அப்பா வேலையா பண்ணீங்க?" என்று கேட்டாய். அதுவரை நீ என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன். விமானம் தரையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முழுக்க ஒரு சின்னக் கோப்பில் எழுத்தாகவும் எண்ணாகவும் இருக்கிறது என்று நீதான் காட்டினாய். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வரி. சக்கரம் எங்கே இருக்கிறது, ஸ்பிரிங் எவ்வளவு கடினம், ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் அடக்கும், பிரேக் உண்டா, எத்தனை டிகிரி திரும்பும். நான் எண்ணைச் சொல்வேன், நீ மாற்றுவாய், ஓட்டிப் பார்ப்பாய், தவறினால் இருவரும் சிரிப்போம். பழைய கிளட்ச் பெடல் இரண்டை வைத்து உனக்குக் கால் பெடல்கூட வெல்டிங் செய்துகொண்டு வந்தேன். அம்மா ஜவ்வரிசிக் கிச்சடித் தட்டோடு வாசலில் நின்று, "தண்ணில மெதக்குத பிளேனுக்குத் தரையில என்ன சோலி? பேசாம தண்ணியிலயே கெடக்கட்டுமே" என்பாள். தடதடப்பு அடங்கி விமானம் முதல்முறையாக அசையாமல் நின்ற அன்று நீ அந்த வரியின் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழில் தட்டினாய்: "கிச்சடி சாப்பிட்ட அன்னிக்கு அப்பா சரி பண்ணினது." இது எதற்கு என்று கேட்டேன். அரைப்புள்ளிக்குப் பின்னால் எழுதுவதைக் கணினி கண்டுகொள்ளாது, அது மனிதர்கள் படிப்பதற்கு மட்டும் என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு எந்த எண்ணை மாற்றினாலும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லி உன்னைப் பிடுங்கி எடுத்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் நமக்குள் ஒத்துப்போகவில்லை. மிதவைகளின் முனையில் இருக்கும் சின்ன முன்சக்கரங்களுக்கு எதிரே நூற்றெண்பது என்று எழுதியிருந்தது. அதாவது அவை நம் பேச்சைக் கேட்காது. கடையில் தள்ளிக்கொண்டு போகிறோமே அந்தக் கூடைவண்டிச் சக்கரம் போல, போகிற போக்கில் எந்தப் பக்கமும் திரும்பும். இது தப்பு, மாற்று என்றேன். "இல்லப்பா, நிஜ பிளேன்லயே அப்படித்தான். இடது பக்கம் போகணும்னா இடது பிரேக், வலது பக்கம்னா வலது பிரேக். மூக்கை நாம திருப்ப முடியாது" என்றாய். பக்கக் காற்று அடித்தால் அந்த உயரமான உடம்பு காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பிக்கொள்ளும், அதைக் காலாலேயே தட்டித் தட்டி அடக்க வேண்டும் என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன், மனது மூடிக்கொள்ளவில்லை.

ஏன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், சாகணில் ஒரு மூன்று சக்கர வண்டியின் முதல் மாதிரியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். முன்சக்கரம் கொஞ்சம் தளர்வாக, தன்னிச்சையாகத் திரும்புவதுபோல் எனக்குப் பட்டது. "இன்னைக்கு ஓடட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானமே வளைவில் வண்டி உருண்டது. ஓட்டியவர் காம்ப்ளே. அவர் தோள் எலும்பில் இன்றைக்கும் சட்டைக்கு மேலே ஒரு மேடு தெரியுமே, சின்ன வயதில் நீ விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாயே, அது நான் போட்ட கையெழுத்து. அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பினாலும் அதைப் பிடித்து நிறுத்தத்தான் எனக்குக் கை போகும். இது சமாதானம் இல்லை. எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் முழுக்க நீ பக்கக் காற்றில் உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தடவையும் ரன்வேயை விட்டு ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் பெடல் மேலிருந்து காலை எடுத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கு வராதுப்பா" என்றாய். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். திங்கட்கிழமை நீ கல்லூரிக்குப் போன பிறகு கோப்பைத் திறந்தேன். நூற்றெண்பதை அழித்து இருபது என்று எழுதினேன். இருபது டிகிரி, இடமும் வலமும், காலுக்குக் கட்டுப்பட்டு. போதாது என்று எடையின் மையத்தை ஒரு அடி கீழே இறக்கினேன். டயர் வழுக்காமல் பிடியைக் கூட்டினேன். குறிப்பு எதுவும் எழுதவில்லை. உன்னைக் குறிப்பு எழுதச் சொல்லிப் பிடுங்கி எடுத்தவன், அன்று மட்டும் திருடன் மாதிரி கோப்பை மூடிவிட்டுக் கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தேன்.

அன்று சாயங்காலம் நீ உட்கார்ந்தாய். காற்று அடித்தது, பெடலைத் தொட்டாய், மூக்கு கேட்டது. விமானம் கோடு போட்ட மாதிரி போயிற்று. "அப்பா! வந்துருச்சு! என் கால் பழகிருச்சு!" என்று நாற்காலியிலிருந்து குதித்தாய். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாய். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இருபதை முப்பதாக்கி, அறுபதாக்கி, உனக்கே தெரியாமல் பழையபடி கொண்டுவந்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடுகிற வண்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? நான் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை என்றுதான் போன ஞாயிறு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது என் முதல் திருட்டும் இல்லை. உன் ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தைந்துக்கு மேல் போகாது. ஔந்த் ரோட்டில் பஸ்காரனெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு உன்னைத் தாண்டிப் போவான். வண்டி பழசு, அதுதான் இழுக்கவில்லை என்று உன்னை நம்பவைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து பிம்ப்ரியில் ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "வேகம் ஏறாதபடி யாரோ ஸ்க்ரூ வைத்து நிறுத்தியிருக்கிறார்கள்" என்று சொன்னபோது, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய். சிரித்ததால் மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றரை வருஷம் நீ உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு ரோட்டோரமாகவே ஓட்டியதை அம்மாதான் பின்னால் ஒருநாள் சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விமானத்தின் எண்ணை மாற்றிய அந்த வருஷம், கணபதிப் பண்டிகை சமயத்தில் காம்ப்ளே மோதகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீ அவரைப் பிடித்து உட்கார்த்தி, விமானத்தை உருட்டச் சொன்னாய். அவரும் சிரித்துக்கொண்டே ரன்வேயில் ஒரு சுற்று வந்தார். உன்னிடம் "பஹுத் படியா", ரொம்பப் பிரமாதம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். கேட் வரை வழியனுப்பப் போனேன். ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்று, "சாப், ஏ தோ அப்னி காடி ஜைசி சல்தி ஹை" என்றார். இது நம்ம வண்டி மாதிரி அல்லவா ஓடுகிறது என்று. முப்பது வருஷம் நான் சரிசெய்து அனுப்பிய வண்டிகளை ஓட்டிய மனுஷர், என் கையை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு சுற்றுப் போதும். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "பச்சி கோ போல் தோ, சாப்" என்று மட்டும் சொன்னார், பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று. தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். வந்து மோதகம் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நீ நிஜ விமானத்துக்குப் போனாய், லைசென்ஸ் வாங்கினாய். அந்தச் சாதாரண விமானங்களில் முன்சக்கரம் காலுக்குக் கட்டுப்படும். எனவே, அங்கே பழகிய பழக்கம்தானே அப்பா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீ எனக்காக வாதாடலாம். வாதாடாதே. அந்தப் பழக்கத்தை உதறிப் பழக உனக்கு இருந்தது ஒரே ஒரு இடம், நம் வீட்டு மேஜை. லீவில் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அந்த மிதவை விமானத்தைத்தான் எடுத்தாய். ஒவ்வொரு தடவையும் நான் எழுதிய இருபது டிகிரியில்தான் உன் கால் பாடம் படித்தது. மிதித்தால் கேட்கும், கொஞ்சம் பொறு, மூக்கு வந்துவிடும் என்று. கனடாவில் உன் கால் காத்திருந்தது அதற்காகத்தான், கோமு. உன் கால் சொன்னதைக் கேட்கிற கால். அதற்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

இவ்வளவையும் போன ஞாயிறு போனை வைத்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெந்தயக் கீரையை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அவகிட்டல்லா சொல்லணும்" என்றாள். இத்தனை பெரிய விஷயத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கு உள்ளூரக் கோபம்கூட வந்தது. மறுநாள் காலை உன் அறையைத் திறந்து, கணினி மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு, கோப்பை இரண்டு வருஷம் கழித்துத் திறந்தேன். பழைய எண்களைத் திரும்ப எழுதிவிட்டு உனக்கு அனுப்பலாம் என்றுதான். முன்சக்கரத்தின் வரிக்கு வந்தேன். இருபது அப்படியே இருந்தது. அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்குப் பின்னால், ஆங்கில எழுத்தில், உன் தமிழ்: "அப்பா மாத்தினது. தொடாதே."

கோமு, கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். "ஒரு வாரத்துலயே கண்டுபிடிச்சிட்டா அவ. எங்கிட்ட வந்து சொன்னா. அப்ப ஏன்ட்டி மாத்தி வைக்கலன்னு கேட்டேன். 'அப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து இப்பதாம்மா சிரிக்கிறாரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்'னா. மொதல்ல அந்த பிளேன ஒங்ககிட்டக் கொண்டாந்ததே, நீங்க பால்கனியில போயி நிக்கதப் பாத்துட்டுத்தான்" என்றாள். அறுபது வயதுக்கு மேல் ஒரு ஆம்பளை சமையலறையில் நின்று அழுதால் எப்படி இருக்கும் என்று உன் அம்மாவுக்கு இப்போது தெரியும். நீயும் தெரிந்துகொள்.

பயிற்சியாளர் அம்மா கேட்டபோது நீ "தெரியல" என்றாயே, அது பொய். உனக்குத் தெரியும். உன் அப்பா மாற்றியது உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் "என் கால் சரியில்ல" என்றாய். இத்தனை தூரம் போன பிறகு, கையில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு வந்தாலும் வருவேன், அப்பா பெயரை மட்டும் இழுக்க மாட்டேன் என்று நினைத்தாயா? உன்னைக் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. நான் உனக்குத் தெரியாமல் உன் பாதையை நேராக்கினேன், நீ எனக்குத் தெரியாமல் என் மனதை நேராக்கினாய். தாயைப்போல பிள்ளை என்பார்கள்; நம் வீட்டில் அப்பனைப்போல வந்திருக்கிறாய். கேட்டால் வலிக்கும் என்று பயந்து, அடுத்தவருக்குத் தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகிவிடுகிற இந்த வியாதி உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. மூக்கும் காதும் அம்மாவுடையதாக இருக்கிறதே, இதுவும் அவளுடையதாக இருந்திருக்கக் கூடாதா?

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவும் தெரிந்த பிறகும், நான் முதலில் செய்த காரியம் உன் பயிற்சியாளர் அம்மாவுக்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்ததுதான். பாதி எழுதிவிட்டேன். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுவும் அதே சோலிதான்" என்றாள். அழித்துவிட்டேன்.

அப்புறம் வேறொன்று செய்தேன். எண்களையெல்லாம் பழையபடி வைத்தேன். சக்கரத்துக்கு நூற்றெண்பது, எடை அதன் உயரத்தில், டயர் அதன் வழுக்கலில். பக்கக் காற்றை வைத்துக்கொண்டு, உன் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். காம்ப்ளேயையும் போன் போட்டு வரவழைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். "படி தேர் லகா தி, சாப்" என்றார், ரொம்பத் தாமதம் என்று. பிறகு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் நடுக்கோட்டில் பத்து விநாடி சேர்ந்தாற்போல் போகவில்லை. "ஜஹாஸ் கேத் மே கயா" என்று ஒவ்வொரு தடவையும் அறிவிப்பார், விமானம் வயலுக்குள் போய்விட்டதாம். உன் கால் எப்படிக் காத்திருந்ததோ அப்படியே என் காலும் காத்திருந்தது. இரண்டாம் நாளும் அதே கதி. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. மூக்கு கிளம்பிய பிறகு மிதித்துப் பிரயோஜனமில்லை. கிளம்பப்போகிறது என்று இருக்கும்போதே பிரேக்கில் ஒரு தட்டு, உடனே காலை எடுத்துவிட வேண்டும். அழுத்தி வைத்திருந்தால் அதுவே கவிழ்த்துவிடும். "பால் பொங்கதுக்கு முன்னால தீயத் தணிக்கணும். பொங்குன பொறவு தணிச்சு என்ன செய்ய?" என்றாள் அம்மா, காப்பி கொண்டுவந்தவள். நேற்று மத்தியானம், காற்று பக்கவாட்டில் அடிக்க, ரன்வேயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உருட்டிக்கொண்டு போனேன். காம்ப்ளே கைதட்டினார். கட்டுப்படாத சக்கரத்தோடு ஒரு வண்டி ஒழுங்காகப் போகும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வாதம் பிடித்த இந்தக் காலே மூன்று நாளில் மறந்து மறுபடி கற்றுக்கொண்டது என்றால், உன் காலுக்கு மிச்சமிருக்கிற நாள் தாராளம். நீ போய் முதலில் அந்தப் பதிலை மாற்று. "தெரியல" என்று சொன்னேனே மேடம், தெரியும், என் அப்பா முன்சக்கரத்தை இருபது டிகிரியில் பிடித்து வைத்திருந்தார், நானும் தெரிந்தே விட்டுவிட்டேன் என்று சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல், வெட்கப்படாதே. கோளாறு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முப்பத்திரண்டு வருஷத்தில் நான் நிச்சயமாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். சோதனை என்றைக்கு என்று என்னிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் ஏதாவது செய்துவைப்பேன். அம்மாவிடம் சொல், அவள் எனக்குச் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் வா. வேலை பிடிக்கவில்லை, ஊர் பிடிக்கவில்லை, அம்மா கிச்சடி வேண்டும், எந்தக் காரணத்துக்கு வந்தாலும் லோகாவ் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன், கேள்வி கேட்க மாட்டேன். கால் சரியில்லை என்ற காரணத்துக்கு மட்டும் வராதே. அந்தக் காரணம் உன்னுடையது இல்லை, என்னுடையது. எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு.

கோப்பையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். அங்கே சாயங்காலங்களில் உன் லேப்டாப்பில் போட்டுப் பழகு. திறந்ததும் முன்சக்கரத்தின் வரிக்குப் போ. நீ எழுதிய குறிப்பை நான் அழிக்கவில்லை, அழிக்க மனது வரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு அரைப்புள்ளி போட்டு, உன்னைப்போலவே ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். கணினி அதைக் கண்டுகொள்ளாது. நீ படி: "அப்பா கையை எடுத்துட்டேன். இனி நீ தொடலாம்."